தீக்குச்சி பெற்ற வாணம்

1992 ஜனவரியில் இந்திய அரசு வெடிபொருள் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. குளோரேட் வகை உப்பைக் கந்தகத்தோடு கலந்து செய்யும் எந்த வெடிபொருளையும் நாட்டில் தயாரிக்கவோ, வைத்திருக்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்று அது முற்றாகத் தடை விதித்தது. தடைக்கு மூன்று விலக்குகள் இருந்தன. ஆய்வுக்கூடத்துக்குத் தேவையான சிறு அளவு முதலாவது. தீக்குச்சியின் தலை இரண்டாவது. பொம்மைத் துப்பாக்கியில் வைத்து அடிக்கும் பொட்டு வெடி மூன்றாவது. சட்ட வாசகங்களை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஆனால் இந்த மூன்று விலக்குகளில் பின்னவை இரண்டும் சிவகாசி எங்கிருந்து வந்தது என்பதை, அந்த ஊரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதைகளைவிடத் துல்லியமாகக் காட்டுகின்றன. எந்தக் கலவை பட்டாசில் இருக்கவே கூடாது என்று அரசு முடிவு செய்ததோ, அதே கலவை தீப்பெட்டியில் இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டு தொழில்களும் ஒரே ஊரில், பல இடங்களில் ஒரே குடும்பங்களின் கையில் இருந்தவை.

வழக்கமான கதை சீனாவில் தொடங்கும். அங்கே வெடிமருந்து பிறந்தது, பட்டு வணிகரோடும் மங்கோலியரோடும் மேற்கே போனது, சுல்தான்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது, விஜயநகரத்திலும் மராட்டிய அரசவைகளிலும் வாணவேடிக்கையாக மலர்ந்தது, கடைசியில் கரிசல் காட்டில் ஒரு தொழில் நகரமாக நிலைத்தது என்று ஒரே நூலில் எல்லாவற்றையும் கோத்துவிடுவார்கள். இந்த நூல் நடுவில் அறுந்து கிடக்கிறது என்பதுதான் என் வாதம். சிவகாசிப் பட்டாசின் மூதாதை வெடிமருந்து அல்ல, தீக்குச்சி. விஜயநகரத்து வாணத்துக்கும் சிவகாசியின் மத்தாப்புக்கும் இடையே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் கண்டறியப்பட்ட ஓர் உப்பு நிற்கிறது. அந்த உப்பின் வழியாகத்தான் நிறம் வந்தது. அதன் வழியாகத்தான் தொழிலும் வந்தது, அபாயமும் வந்தது.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய வாணத்தின் வேதியியலை முதலில் பார்க்க வேண்டும். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். காகிதக் குழலுக்குள் இறுக அடைத்த மருந்துக்குக் காற்று போய்ச் சேராது. ஆகவே ஆக்சிஜனைத் தனக்குள் வைத்திருந்து, சூடேறும்போது வெளியே விடும் ஓர் உப்பு தேவை. பல நூற்றாண்டுகளுக்கு அந்த வேலையைச் செய்தது வெடியுப்பு ஒன்றுதான். கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்ததே வெடிமருந்து. 1044-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட 'வூஜிங் சோங்யாவ்' என்ற சீனப் போர்நூலில் இதற்கான கலவைகள் எழுத்தில் கிடைக்கின்றன. வெடியுப்பு கொடைதான், ஆனால் சிக்கனமான கொடை. தன் ஆக்சிஜனை விடுவதற்கு அது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, விடும்போதும் முழுவதையும் எளிதில் விடுவதில்லை. அந்தச் சுவாலையில் நாம் காண்பது பெரும்பாலும் கரித்துகளும் இரும்புத்தூளும் கனலும் நிறம்: செம்பொன், பழுப்புக் கலந்த மஞ்சள், அதிகம் போனால் மங்கிய வெள்ளை. புஸ்வாணத்திலிருந்து எழும் பொற்பூக்கள் இன்றும் இந்தப் பழைய வேதியியலைச் சேர்ந்தவையே. இரும்புத்தூள் காற்றில் பட்டு எரிந்து கிளை பிரிவதுதான் அந்தப் பூ.

இந்த எல்லைக்குள் இந்தியா குறைவாக எதையும் செய்துவிடவில்லை. ஹீராத்திலிருந்து அரசர் ஷாருக்கின் தூதராக வந்த அப்துர் ரசாக் 1443-இல் விஜயநகரத்தில் மகாநவமித் திருவிழாவைக் கண்டவர், அங்கு காட்டப்பட்ட வாணவேடிக்கைகளைக் குறிப்பிட்டிருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16-இன் முற்பகுதியிலும் ஒடிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரனின் பெயரில் வழங்கும் 'கௌதுக சிந்தாமணி' என்ற வடமொழி நூலில் வாணக் கலவைகள் உள்ளன. கந்தகம், வெடியுப்பு, கரி, இரும்புத்தூள், அரிதாரம், காவிக்கல் என்று போகிறது அதன் சரக்குப் பட்டியல். புனேயைச் சேர்ந்த அறிஞர் பி.கே. கோடே, 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை இத்தகைய சான்றுகளைக் கொண்டு 1950-களில் எழுதினார். அவர் திரட்டியவற்றைப் படிக்கும்போது அரசவையின் செல்வமும் கைவினைஞரின் திறமையும் தெரிகின்றன. அதே சமயம், ஐரோப்பாவும் இதே எல்லைக்குள்தான் நின்றிருந்தது என்பதை மறக்கக் கூடாது. 1749 ஏப்ரலில் லண்டனின் கிரீன் பார்க்கில் ஹாண்டலின் இசையோடு நடந்த பெருவிழா வாணவேடிக்கையும், விஜயநகரத்து வாணமும், நிறத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே வானத்தைத்தான் காட்டின. இயந்திரங்களும் மாட அமைப்புகளும் வேறு. சுவாலை ஒன்றே.

பழமையை இன்னும் பின்னுக்குத் தள்ளும் ஆசை நமக்குப் புதிதல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பர்ட், சுக்கிர நீதியில் வெடிமருந்து பற்றி வரும் பகுதிகளை வைத்து, பண்டை இந்தியர் வெடிமருந்தை அறிந்திருந்தனர் என்று 1880-இல் ஒரு நூலே எழுதினார். பிரபுல்ல சந்திர ராய் தம் இந்து வேதியியல் வரலாற்றில் அதை ஏற்கவில்லை. அந்தப் பகுதிகள் காலத்தால் மிகவும் பிந்தியவை என்பதே பின்வந்த அறிஞர் பலரின் முடிவு. தமிழில் இதே வாதம் சித்தர் பெயரால் எழுகிறது. வெடியுப்பு சித்த மருத்துவத்தில் சரக்காக வழங்குவது உண்மை. நீரடைப்புக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பொருளை மருந்தாக அறிந்திருப்பது அதை வாணமாக அறிந்திருப்பதாகாது. இன்று நம் கையில் இருக்கும் சித்தர் நூல்களின் மொழியும் மிகப் பழைய காலத்தைச் சேர்ந்ததல்ல. இதைச் சொல்வதால் நம் முன்னோருக்குக் குறைவு வந்துவிடாது. அவர்கள் செய்ததை அவர்களுடையதாகவே வைத்துப் பார்ப்பதுதான் மரியாதை.

முறிவு 1780-களின் பிற்பகுதியில் நேர்ந்தது. குளோரின் வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு வேதியியலாளர் குளோட் லூயி பெர்தொலே, அதைக் காரக் கரைசலில் செலுத்திப் புதிய ஒரு வெண்படிக உப்பைப் பெற்றார். பொட்டாசியம் குளோரேட் அதுதான். வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டால் இன்னும் வலிய வெடிமருந்து கிடைக்கும் என்று நினைத்தார்கள். வெடியுப்பு அன்று அரசியல் பொருள். உலகின் சிறந்த வெடியுப்பு பீகாரில் நோனியா மக்கள் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தது, பிளாசிப் போருக்குப் பின் அந்த வணிகம் பிரிட்டிஷாரின் பிடிக்குள் போய்விட்டது. பிரான்சுக்கு மாற்று தேவைப்பட்டது. 1788-இல் எசோன் வெடிமருந்து ஆலையில் குளோரேட் வெடிமருந்தை அரைத்துப் பார்த்தார்கள். கலவை வெடித்து இருவர் உயிரிழந்தனர். வேதியியலாளர் லவாசியேயும் அவர் மனைவியும் பெர்தொலேயும் சற்று அப்பால் இருந்ததால் தப்பினர். பீரங்கிக்கு இந்த உப்பு உதவாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் எதனால் அது பீரங்கிக்கு உதவவில்லையோ, அதே குணம்தான் வாணத்துக்கு வேண்டியிருந்தது.

குளோரேட் சிதையும்போது வெப்பத்தை வாங்குவதில்லை, வெளியிடுகிறது. தன் ஆக்சிஜன் முழுவதையும் விட்டுவிடுகிறது. ஆகவே சுவாலை வேகமாகவும் தெளிவாகவும் எழும், புகையும் கரிக்கனலும் நிறத்தை மறைக்காது. இதைவிட முக்கியமானது, ஆக்சிஜனை விட்ட பிறகு அதனிடம் எஞ்சுவது குளோரின். வாணத்தின் நிறங்கள் உலோகங்களின் நிறங்கள் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம்: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம். இது பாதி உண்மைதான். சோடியத்தின் மஞ்சளைத் தவிர, இந்த நிறங்களின் ஆழம் உலோகம் குளோரினோடு சேர்ந்து ஆவியாகி நிற்கும் அந்த மிகச் சிறு பொழுதில் பிறக்கிறது. குளோரின் இல்லாத ஸ்ட்ரான்சியம் சுவாலை வெளிறிய சிவப்பாகவே இருக்கும், பேரியம் வெண்மை கலந்த பச்சையாகவே நிற்கும். நீலம் எல்லாவற்றிலும் கடினம். தாமிரக் குளோரைடு மூலக்கூறு சூடு சற்று மிகுந்தாலே உடைந்துவிடும், சூடு குறைந்தால் ஒளி போதாது. இன்றும் ஒரு வாணக்காரரின் திறமையை அவருடைய நீலத்தை வைத்தே எடை போடுகிறார்கள். ஆக, குளோரேட் ஒரு கையால் வெப்பத்தையும் மறு கையால் குளோரினையும் தந்தது. வாணத் தொழில் செய்த ருஜ்ஜியேரி குடும்பத்தைச் சேர்ந்த குளோட் ஃபோர்த்துனே போன்றவர்கள் 1800-களின் தொடக்கத்தில் தாமிர உப்புகளையும் நவச்சாரத்தையும் வைத்துப் பச்சை காட்ட முயன்றார்கள். ஓரளவு வென்றார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் 1830-களுக்குப் பின் ஐரோப்பிய வானத்தில் தோன்றிய செம்மையும் பசுமையும் குளோரேட் இல்லாமல் சாத்தியப்படவில்லை.

இந்த உப்பு வாணத்துக்கு வருமுன் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1805-இல் பாரிசில் ழான் சான்செல் என்பவர் குளோரேட்டும் கந்தகமும் சர்க்கரையும் பூசிய குச்சியைக் கந்தக அமிலத்தில் தொட்டுத் தீ உண்டாக்கினார். 1826-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், குளோரேட்டோடு ஆன்டிமனி சல்பைடைக் கலந்து உரசினால் எரியும் குச்சியைச் செய்து மறு ஆண்டு விற்கத் தொடங்கினார். ஸ்வீடனில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1850-களில் பாதுகாப்புத் தீப்பெட்டியைத் தொழிலாக்கினர். குளோரேட் குச்சியின் தலையில் இருக்கும், சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கத்தில் இருக்கும், இரண்டும் உரசும்போது மட்டுமே சந்திக்கும். அந்த நூற்றாண்டின் இறுதியில் மின்னாற்பகுப்பின் மூலம் குளோரேட் மலிவானது. தீப்பெட்டியும் வண்ண வாணமும் ஒரே தாயின் இரு பிள்ளைகளாக ஒரே காலத்தில் பெருகின.

இந்த முறிவை மிகத் தெளிவாக அறிந்து வைத்திருப்பவர்கள் ஜப்பானியர். கரியும் கந்தகமும் வெடியுப்பும் கொண்ட பழைய மங்கிய செந்தீயையும், மெய்ஜி காலத்தில் மேற்கிலிருந்து வந்த குளோரேட் கொண்டு செய்த வண்ணத் தீயையும் அவர்கள் இரண்டு தனி மரபுகளாகவே வைத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வழங்குகிறார்கள். 1870-களில் ஜப்பான் தீப்பெட்டியும் செய்யத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஜப்பானியத் தீப்பெட்டி ஆசியச் சந்தைகள் எங்கும் நிறைந்தது, இந்தியாவிலும் நிறைந்தது. இங்கேதான் நம் கதை சேர்கிறது. 1910-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர் சிலர் எளிய கைப்பொறிகளைக் கொண்டு தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். அவர்களிடமிருந்து வங்காளத்தார் கற்றனர். முதல் உலகப் போரின்போது ஸ்வீடன் சரக்கு நின்றது, ஜப்பான் சரக்கும் உள்ளூர்ச் சரக்கும் சந்தையைப் பிடித்தன. 1922-இல் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதித்தது. வருமானத்துக்காகப் போட்ட வரிதான், ஆனால் அதன் நிழலில் உள்நாட்டுத் தொழில் முளைத்தது. சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-ஐ ஒட்டி ஊரில் தொழிற்சாலை தொடங்கியது இந்தச் சூழலில்தான். அவர்கள் கற்கப் போனது பட்டாசு அல்ல என்பதை அடிக்கோடிட வேண்டும்.

பட்டாசு பிறகு வந்தது, அது வந்த பாதை கவனிக்கத்தக்கது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நடுவே நிற்கும் ஒரு பொருள் உண்டு. தலை சற்று நீண்டு, உரசியதும் சிவப்பாகவோ பச்சையாகவோ சில நொடிகள் எரியும் கலர் தீப்பெட்டி. குச்சி அதே, பசை அதே, தலையில் முக்கும் முறை அதே. கலவையோடு ஒரு ஸ்ட்ரான்சியம் உப்போ பேரியம் உப்போ சேர்ந்தால் போதும், தீக்குச்சி மத்தாப்பாகிவிடுகிறது. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. ஸ்வீடன் நாட்டு மூலதனத்தில் இயங்கிய பெரிய தீப்பெட்டி நிறுவனத்தின் போட்டி ஒரு பக்கம், வரி இன்னொரு பக்கம் என்ற நெருக்கடியில், கையில் இருக்கும் சரக்கையும் திறமையையும் வைத்து வேறு என்ன செய்யலாம் என்று தேடுவது இயல்பு. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. வெளிநாட்டு வாணச் சரக்கு நின்றுபோனது. வெடிபொருள் விதிகள் 1940-இல் புதிதாக வகுக்கப்பட்டன. உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. சண்முக நாடார் நிறுவிய காளீஸ்வரி குழுமமே தீப்பெட்டியில் தொடங்கிப் பட்டாசுக்கு வந்ததுதான்.

சரக்குகளைப் பார்த்தால் உறவு இன்னும் துலங்கும். பொட்டு வெடியின் மருந்து குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும். அதாவது, பாதுகாப்புத் தீப்பெட்டி எந்த இரண்டைப் பிரித்து வைத்து உலகைக் காப்பாற்றியதோ, அந்த இரண்டையும் இரு தாள்களுக்கு நடுவே சேர்த்து ஒட்டியதுதான் பொட்டு. கம்பி மத்தாப்பும் குச்சிதான். மரத்துக்குப் பதில் கம்பி, தலையை மட்டும் முக்குவதற்குப் பதில் முக்கால் நீளமும் முக்கி எடுப்பது. சட்டகத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கி ஒரே முறையில் முக்கி உலர்த்தும் தீப்பெட்டி ஆலையின் வேலைமுறையே கம்பி மத்தாப்புக்கும் பொருந்தியது. பெட்டிக்கு வேண்டிய காகிதம் குழாய்க்கும் வந்தது, பெட்டி ஒட்டிய கைகள் குழாய் சுற்றின. தீப்பெட்டி லேபிள்களுக்காக எழுந்த அச்சகங்கள் பட்டாசுப் பெட்டிகளுக்கும், பிறகு நாடெங்கும் போகும் காலண்டர்களுக்கும் அச்சடித்தன. சிவகாசியின் மூன்று தொழில்களும் தற்செயலாக ஓரிடத்தில் கூடியவை அல்ல. மூன்றின் வேரும் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு வானிலையிலிருந்து எழும். மழை குறைவு, வெயில் அதிகம், கரிசலில் வேளாண்மை பொய்த்தது, ஆட்கள் மலிவாகக் கிடைத்தார்கள், ஆகவே பட்டாசு வந்தது என்பார்கள். காய்கிற வெயிலின் பங்கை நான் மறுக்கவில்லை. பசையும் காகிதமும் மருந்தும் உலர வேண்டும், ஈரம் எல்லாவற்றுக்கும் பகை. ஆனால் வானிலை ஒரு தொழில் எங்கே தங்கும் என்பதற்குக் காரணமாகலாம், எந்தத் தொழில் எப்போது வரும் என்பதற்கு ஆகாது. பழைய ராமநாதபுரம் சீமை பல நூற்றாண்டுகளாகவே வறண்டுதான் கிடந்தது. 1923-க்கு முன் அங்கே பட்டாசுத் தொழில் நகரம் எதுவும் எழவில்லை. உலகிலேயே மிகப் பெரிய பட்டாசு மையமாகிய சீனத்தின் லியூயாங் மழை மிகுந்த ஹூனான் மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஊரை வெடிமருந்தின் நேர் வாரிசு என்று சொன்னால் ஏற்கலாம். அங்கே மரபு தொடர்ந்து ஓடுகிறது. சிவகாசியை அப்படிச் சொல்ல முடியாது என்பதே இந்த ஒப்பீடு காட்டுவது.

இரண்டாவது மறுப்பு கோயில்களிலிருந்து வரும். திருவிழாவுக்கு வாணம் கட்டுபவர்கள் தமிழ்நாட்டில் முன்பே இருந்தார்கள், இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து அதிர்வேட்டு போடும் வழக்கமும் இருந்தது. உண்மைதான், இன்றும் இருக்கிறது. ஆனால் அது வேறு உலகம். திருவிழா முறைப்படி, ஊரின் அழைப்பில், குடும்ப வழியாகக் கற்ற சிலர் செய்யும் வேலை அது. வெடியுப்பும் கரியும் கந்தகமுமே அதன் அடிப்படைச் சரக்கு. செய்தவர் தம் கையாலேயே கொளுத்துவார். சிவகாசி செய்தது முகம் தெரியாத ஒரு குழந்தை முகம் தெரியாத ஓர் ஊரில் கொளுத்தும் பொருளை. பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, ரயிலில் அனுப்புகிற பொருள். அந்த எண்ணமே தீப்பெட்டியின் எண்ணம். தீப்பெட்டிக்கு முன் நெருப்பை இப்படி விலை வைத்து, தரம் ஒன்றாக்கி, மளிகைக் கடையில் விற்க முடியும் என்று எவரும் காட்டியிருக்கவில்லை. தீபாவளியன்று ஏழை வீட்டு வாசலிலும் ஒரு கட்டுக் கம்பி மத்தாப்பு எரிய முடிந்தது அரசவை வாணம் இறங்கி வந்ததால் அல்ல. தீப்பெட்டி விற்ற கடை, தீப்பெட்டி போன பாதை, தீப்பெட்டியின் சில்லறை விலை ஆகியவற்றில் ஏறித்தான் மத்தாப்பு வந்தது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இன்றைய சிவகாசி வெடிகளில் குளோரேட் இல்லையே, லட்சுமி வெடியிலும் அணுகுண்டிலும் இருப்பது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும்தானே, அப்படியானால் அவை வெடிமருந்தின் பிள்ளைகள் ஆகாவா என்று வேதியியல் தெரிந்தவர் கேட்கலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது. மூன்றில் இரண்டு பழைய சரக்குகளே. ஆனால் மாறியிருக்கும் மூன்றாவது, கலவையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. வெடிமருந்தில் எரிபொருள் கரி. அது எரிந்து வாயுவாகிறது, அந்த வாயுவின் அழுத்தமே வெடிமருந்தின் வலிமை. அலுமினியம் எரிந்தால் வாயுவாகாது, வெண்மையான ஆக்சைடு தூளாகிறது. அதன் வலிமை கண நேரத்தில் வெளிப்படும் கடும் வெப்பத்தில் இருக்கிறது, கண் கூசும் வெள்ளொளியும் அதனால்தான். அலுமினியம் 1886-இல் ஹாலும் எரூவும் தனித்தனியே கண்டறிந்த மின்னாற்பகுப்பு முறைக்கு முன் வெள்ளிக்கு நிகரான அரும்பொருள். அதைத் தூளாக்கிக் கொளுத்துவதை எந்த அரசவையும் கனவு கண்டிருக்க முடியாது. குளோரேட்டை மலிவாக்கிய மின்சாரமே அலுமினியத்தையும் மலிவாக்கியது. குளோரேட்டை விட்டு விலகிய பிறகும் சிவகாசி திரும்பிப் போனது வெடிமருந்துக்கு அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் மின்வேதியியல் தந்த இன்னொரு பொருளுக்குத்தான் போனது. வண்ணத்துக்கும் அப்படியே. பச்சை உப்பு என்று தொழிலில் வழங்கும் பேரியம் நைட்ரேட், ஆக்சிஜனையும் தந்து நிறத்துக்கான உலோகத்தையும் தந்தது. கம்பி மத்தாப்பு முதல் பேன்சி ரகங்களின் மணிமருந்து வரை அது பரவியது. குளோரேட் கற்றுத் தந்த பாடத்தை, அதாவது ஆக்சிஜன் தரும் உப்பே நிறத்துக்கும் உதவ வேண்டும் என்பதை, வேறு உப்பைக் கொண்டு நிறைவேற்றியதுதான் அது.

மூதாதை யார் என்று இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெடிமருந்து என்ற பழைய சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிட்டால், விபத்து என்பது வெடியோடு கூடப் பிறந்த விதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பழைய வெடிமருந்தும் ஆபத்தானதுதான், ஆனால் அதை உரசினாலோ தட்டினாலோ எளிதில் தீப்பிடிக்காது, நெருப்பு வேண்டும். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் உரசலே போதும். ஈரம் பட்ட கந்தகத்தில் இருக்கும் சிறிதளவு அமிலம் குளோரேட்டைத் தாக்கி, யாரும் தொடாமலே கூடத் தீ மூளலாம். தீக்குச்சியின் தலையில் அது நல்ல குணம், ஏனெனில் அங்கே கலவை ஓர் அரிசி மணி அளவே. கூடை நிறையக் கலந்தால் அது சாவு. பிரிட்டன் தன் மண்ணில் இந்தக் கலவையை வாணத்தில் சேர்ப்பதை 1894-இலேயே தடுத்தது. அலுமினியத்துக்கும் தனிக் குணம் உண்டு. நைட்ரேட்டோடு கலந்த அலுமினியத் தூள் ஈரம் பட்டால் மெல்லச் சூடேறும், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் குவியலுக்குள் தங்கினால் பற்றிக்கொள்ளும். அதனால்தான் கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்ற விதிகள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நடந்த எத்தனையோ விபத்துகளுக்குச் செய்தித்தாள்கள் எழுதும் காரணம் 'உராய்வு' என்ற ஒரே சொல். எந்த உப்பு, எந்த உலோகத்தூள், எவ்வளவு அளவு, எத்தனை பேர் அந்த அறையில் என்று கேட்டால்தான் அந்தச் சொல் பொருள் பெறும். இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த விவரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

தீப்பெட்டி கொண்டுவந்த இன்னொரு கடனும் உண்டு. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் வசதியானவை என்று தீப்பெட்டி ஆலைகள் குழந்தைகளை அமர்த்தின. பட்டாசு ஆலைகள் அந்த வழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசியதில் வியப்பில்லை. அந்தத் தீர்ப்பும், பள்ளிகளும், பெற்றோரின் மன உறுதியும் சேர்ந்து நிலைமையை மாற்றின.

இப்போது அடுத்த திருப்பம் நடந்துகொண்டிருக்கிறது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் அர்ஜுன் கோபால் வழக்கில் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. பச்சை உப்பு போனால் பச்சை நிறம் மட்டும் போவதில்லை, கம்பி மத்தாப்பின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. தொழிலாளர் வாழ்வை முன்வைத்து ஆலைகள் எழுப்பிய கவலை உண்மையானது. தலைநகரில் குளிர்காலக் காற்றை மூச்சிழுப்பவர்களின் கவலையும் அவ்வளவே உண்மையானது. மாற்றாக நாக்பூரின் நீரி ஆய்வகம் முன்வைத்த பசுமைப் பட்டாசுகளில் ஸ்வாஸ், ஸ்டார் என்ற இரண்டு வகைகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் முற்றாக நீக்குபவை என்றும், சஃபல் என்ற மூன்றாவது அலுமினியத்தைக் குறைப்பது என்றும் அறிவிக்கப்பட்டது. கரி முன்பே போய்விட்டது. வெடியுப்பும் கந்தகமும் போன பிறகு வெடிமருந்தின் மூன்று சரக்குகளில் ஒன்றும் அந்தக் காகிதக் குழாய்க்குள் மிஞ்சாது. ஆனாலும் அதைச் சிவகாசியில் அதே கைகள் சுற்றும், அதே பசையால் ஒட்டும், அதே அச்சகத்து லேபிளோடு அதே கடைகளுக்கு அனுப்பும்.